பாகம் எண் 147, வரிசை எண் 612

மாவட்ட ஆவணத் தொகுப்பு வாரியத்தில் பணியாளர்கள் செத்துப்போவதற்கு யாரும் ஆட்சேபணை சொல்வதில்லை. உரிய படிவத்தில், உரிய எண்ணைக் குறித்துவிட்டுச் சாக வேண்டும், அவ்வளவுதான். இந்த விவரம் தெரியாத அருண்பாண்டி என்கிற கணினிப் பொறுப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ‘வலையறை’ என்று பலகை மாட்டியிருந்த எட்டடி அறையில், ஒரு கையில் நீலக் கேபிளும் இன்னொரு கையில் நெஞ்சுமாக உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. வாரியம் துக்கத்தோடு அன்றைய பிற்பகலுக்கு அவருக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதியது.

அவர் மனைவி முனீஸ்வரிக்குத் தாடிக்கொம்பு. கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனுப் போட்டாள். வாரியத்தில் கருணைக்கும் ஒரு கெடு உண்டு. இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் நியமன ஆணை வந்துவிட வேண்டும். வராவிட்டால் கோப்பு மூடப்படும், மறுபடி திறக்க விதி கிடையாது. அதுவரைக்கும் ‘முற்றிலும் தற்காலிகம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, புருஷன் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் தமிழ்நிலா. வேறு வருமானம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

கெடு முடிய இருபத்து மூன்று நாள் இருக்கும்போது ஐப்பசி மழையில் இடி விழுந்தது. மலைக்கோட்டையின் மேல் விழ வேண்டிய இடி, வாரியத்தின் மேல் விழுந்தது என்று ஊரில் சொன்னார்கள். விழுந்த இடி எதை எரித்தது? இத்தனை வருடத்துக் குப்பைக் கோப்புகளையா எரித்தது? இல்லை. வலையறைச் சுவிட்ச்சைத்தான் எரித்தது. இருபது கணினிகளையும் கேமராக்களையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற பெட்டி அது. அது போனதும் அலுவலகமே ஊமையாகிவிட்டது. நியமன ஆணைகள் கணினி வழியாகத்தான் வெளியாகும் என்பதால் முனீஸ்வரியின் ஆணையும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

“சார், சுவிட்ச் போயிருச்சு” என்று கண்காணிப்பாளர் சுப்புராஜிடம் போய் நின்றாள்.

“எலக்ட்ரீசியன வரச் சொல்லும்மா. இதுக்கெல்லாமா எங்கிட்ட வாரது?”

“லைட்டு சுவிட்ச் இல்ல சார். நெட்வொர்க் சுவிட்ச். புதுசுதான் வாங்கணும்.”

சுப்புராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரியத்தில் ‘புதுசு’ என்பது லேசுப்பட்ட சொல் இல்லை. அலமாரியைத் திறந்து கொள்முதல் படிவம் ஒன்பதை எடுத்து நீட்டினார். அந்தப் படிவம் முன்பு ஆங்கிலத்தில் இருந்தது. போன வருடம் வாரியம் தன் முன்னூற்றுப் பத்துப் படிவங்களையும் பதினோரே நாளில் தமிழாக்கி, அதற்காகத் தனக்குத் தானே ஒரு கேடயமும் வழங்கிக்கொண்டது.

முனீஸ்வரி எரிந்த பெட்டியின் முதுகைத் துடைத்து, அதில் இருந்த நீள எண்ணை எழுத்துக் கூட்டிப் படித்து, படிவத்தின் நான்காம் கட்டத்தில் எழுதிக் கொண்டுவந்தாள்.

சுப்புராஜ் பார்த்தார். முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, கே, வி, கோடு, இருபத்து நாலு, பி... கடேசில சமக்குறி வேற போட்டிருக்க. கணக்குப் பாடமா இது? கட்டத்துல என்ன கேட்ருக்கு, வாசி.”

“பாகம் எண்.”

“அடுத்த கட்டம்?”

“வரிசை எண்.”

“ரெண்டும் சேந்தாப்ல எதுல வரும்? ஓட்டே போட்டதில்லையா நீ? பூத்து சிலிப்புல கொட்ட எழுத்துல போட்டுத் தாரானே. பாகம் எண், வரிசை எண். வாக்காளர் பட்டியலும்மா!”

“சார், இது சாமானோட பார்ட் நம்பர். அந்தக் கம்பெனி...”

“சாமானுக்கு ஏதும்மா ஓட்டு? சாமானுக்குப் பொறுப்பாளர் யாரோ, அவரு நம்பரத்தான் கேட்ருக்கு. யோசிச்சுப் பாரு. எம்புட்டு அறிவா படிவம் போட்ருக்காங்க!” சுப்புராஜ் தன் வாரியத்தை நினைத்துப் பூரித்துப்போனார். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். “வலையறைச் சுவிட்ச், ஒன்று. பொறுப்பாளர், அருண்பாண்டி. போதுமா? அவரு பாகம் எண்ணு எழுது.”

முனீஸ்வரி படிவத்தைக் கீழே வைத்தாள். “அவரு செத்துட்டாரு சார்.”

“அது வேற கோப்பும்மா” என்றார் சுப்புராஜ், மிகவும் தன்மையாக.

கைப்பேசியில் வாக்காளர் பட்டியலைத் தட்டிப் பார்த்தார்கள். தாடிக்கொம்பு, பாகம் எண் 147, வரிசை எண் 612, அருண்பாண்டி, ஆண். பெயரை நீக்கச் சொல்லி அவள் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கியதோ, அவர் அங்கே நலமாக இருந்தார்.

“பாத்தியா? ஓட்டர் லிஸ்ட்ல இருக்காரு. நம்ம இருப்புப் பதிவேட்லயும் இருக்காரு. ரெண்டு எடத்துல இருக்கிற மனுசன இல்லைன்னு நீ ஒருத்தி சொன்னா நான் எதத்தான் நம்புறது?”

எழுத மாட்டேன் என்றால் சுவிட்ச் வராது. சுவிட்ச் வராவிட்டால் ஆணை வராது. இருபத்து மூன்று நாள்தான் இருந்தது. 147, 612 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பேகம்பூரில் கணினிச் சாமான் கடை வைத்திருந்த அப்துல் கையூமுக்கு அந்தக் கொள்முதல் ஆணை போனது. அவர் அதை வாசித்து முதலில் சிரித்தார். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அருண்பாண்டி அவர் கடையில் டீ குடிக்காத வாரம் கிடையாது. முனீஸ்வரியை வரவழைத்தார்.

“என்ன தங்கச்சி இது? ‘அருண்பாண்டி, எண்ணிக்கை ஒன்று, உடனே அனுப்பவும்’னு போட்ருக்கான். நான் எங்க போயி அனுப்புவேன் அந்த மனுசன? அல்லாதான் அனுப்பணும்.”

“நான் என்ன பாய் செய்ய? அம்புட்டுத் தூரம் சொன்னேன். கேக்க மாட்டேங்குறாங்க.”

கையூம் அவளிடம் கேட்டு, ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் அந்த நீள எண்ணை எழுதிக் காட்டினார்: KV-24P-1G-IN=

“இதுல ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் இருக்கு, பாத்துக்க. கேவின்னா அந்தக் குடும்பம், மாடல். இருபத்து நாலுன்னா அம்புட்டுக் கேபிள் சொருகலாம். ‘பி’ன்னா அந்தக் கேபிள்லயே கரண்டும் போகும். இந்தப் ‘பி’ய விட்டுட்டு எழுதுனேன்னு வையி, பெட்டி வந்துரும், ஆனா ஒங்க ஆபீஸ் கேமரா ஒண்ணும் ஓடாது. ஒன் ஜி, வேகம். ஐஎன், நம்ம ஊரு பிளக்கு. கடேசில சமக்குறி இருக்கே, அதுதான் விசயம். அது இருந்தா உதிரின்னு அர்த்தம். வெறும் பெட்டிதான் வரும். வயரு, மாட்டுற கிளாம்பு எதுவும் வராது. அது தெரியாமப் போட்டுட்டு எத்தன ஆபீஸ்ல எங்கிட்டச் சண்டைக்கு வந்திருக்காங்க! ஒனக்கு முழுசா வேணும். அதனால அந்தச் சமக்குறிய விட்டுட்டுத்தான் நான் ஆர்டர் போடுறேன்.”

“இதெல்லாம் அவருக்குத் தெரியுமா பாய்?”

“எனக்குச் சொல்லிக் குடுத்ததே ஒங்க வீட்டுக்காரர்தான்” என்றார் கையூம். முனீஸ்வரி அந்த அட்டையைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. சாமானைப் பெற்றுக்கொள்வதற்கென்று வாரியத்தில் மூன்று பேர் கொண்ட குழு இருக்கிறது. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார்கள். கொள்முதல் ஆணையை ஒருவர் உரக்க வாசித்தார். இன்னொருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல அருண்பாண்டின்னு எங்கயும் இல்லையே. வேற என்னமோ எழுதியிருக்கு.”

“ஆள்மாறாட்டம்” என்றார் மூன்றாமவரான சுப்புராஜ். “போன தடவ பீரோ வாங்குறப்பவும் இப்பிடித்தான் ஏமாத்தப் பாத்தாங்க.”

பெட்டியைக் கொண்டுவந்திருந்த கையூமுக்குக் கோபம் வந்தது. “ஏன் சார், பொட்டிக்கு அப்பா பேரும் கேப்பீங்களா?”

“கேட்டிருக்கோமே, கட்டம் ஆறு” என்றார் சுப்புராஜ்.

அரை மணி நேர விவாதத்துக்குப் பின் குழு ஒரு மனதாக ஒரு முடிவுக்கு வந்தது. வெள்ளைச் சீட்டு ஒன்றில் ‘அருண்பாண்டி, பா.எ. 147, வ.எ. 612’ என்று அச்சடித்து, பெட்டியின் நெற்றியில், கம்பெனி எண் மறையும்படி ஒட்டினார்கள். பிறகு பதிவேட்டில் எழுதினார்கள்: ‘அருண்பாண்டி. ஒன்று. புதியது. நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். முனீஸ்வரி அந்த வரியைத் தலைகீழாக, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று படித்தாள்.

நிறுவுவதற்கு விழா வைத்தார்கள். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை மாலை வந்தது. ‘திரு. அருண்பாண்டி அவர்களை வலையறையில் அமர்த்தும் விழா’ என்று பதாகை. இணை இயக்குநர் அந்தோணிராஜ் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டுப் பேசினார்:

“இந்த வாரியத்துல நான் முப்பது வருசம். இந்த முப்பது வருசத்துல ஒரு மனுசன் மொகத்தப் பாத்து ஒரு முடிவு எடுத்திருப்பேனா? கெடையாது. எண்ணப் பாத்துத்தான் எடுத்திருக்கேன். மொகம் மாறும், அழும், கெஞ்சும். எண் அழுவுமா? அதனாலதான் எம்மேல ஒரு புகார்கூட நிலுவைல இல்ல. வந்த புகாருக்கெல்லாம் நான் எண்ணே போடல.” கைதட்டினார்கள். “அருண்பாண்டி இந்த அறைக்குப் புதுசில்ல. அவரு மறுபடி நம்மோட சேந்து உழைக்கிறதுல வாரியம் பெருமைப்படுது.”

விழா முடிந்து எல்லோரும் கேசரி சாப்பிடப் போன பிறகு முனீஸ்வரி மாலையை எடுத்துவிட்டு மின்கம்பியைச் சொருகினாள். இருபத்து நான்கு விளக்குகளும் பச்சையாகக் கண் திறந்தன.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்; ஆனால் வாரியத்தில் யாரும் அதை விசித்திரமாகவே நினைக்கவில்லை. கணினி மெதுவாக ஓடினால், “அருண்பாண்டிக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல போல” என்றார்கள். வேகமாக ஓடினால், “பொழச்சு வந்ததுலருந்து ஆளு நல்லா வேல பாக்குறாரு” என்றார்கள். மின்சாரம் போய் வந்தால், “அருண்பாண்டி எந்திரிச்சுட்டாரா?” என்று கூடத்திலிருந்து குரல் வரும். எந்திரிச்சுட்டார் என்று அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒரு மணி நேரம் இணைப்பு அறுந்ததற்கு அவர் பெயரில் ஒரு மணி நேரப் பர்மிஷன் கழித்தார்கள். காவலாளி கருப்பணன் வலையறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். “என்ன இருந்தாலும் அவரு உசுரு போன எடம் தாயி” என்று மெதுவாகச் சொல்வார்.

முனீஸ்வரிக்குப் பயமாக இருந்தது. காலையில் கதவைத் திறக்கும்போது இருட்டுக்குள் அந்தப் பச்சைக் கண்கள் மினுங்கும். பெட்டிக்குள் சின்னக் காத்தாடி ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறையில் தனியாக இருக்கவே கூடாது என்று முதல் வாரம் தப்பித்துத் தப்பித்து ஓடினாள். இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், வெளியே உட்கார இடமில்லாமல், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கும்போதுதான் தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது. வெஞ்சனத்தில் உப்புக் கூடிப்போனதையும், தமிழ்நிலா கணக்கில் எண்பத்தாறு வாங்கியதையும் அவள் அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அங்கேயே சாப்பிட்டாள். பயத்தைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

‘தங்கள் கணவர் திரு. அருண்பாண்டி (பா.எ. 147, வ.எ. 612) நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டு, இவ்வாரிய வலையறையில் தொடர்ந்து செயல்பாட்டில் இருப்பது பதிவேடுகளின்படி தெரியவருகிறது. மேலும் அவருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதமும் உள்ளது. எனவே அவர் இறந்துவிட்டதாகக் கூறித் தாங்கள் அளித்துள்ள கருணை நியமன மனு ஏன் நிராகரிக்கப்படக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.’

மூன்று முறை படித்தாள். எழுந்து சுப்புராஜிடம் போனாள்.

“இது நியாயமா சார்? நீங்களும் வந்தீகளே சார் எழவுக்கு! மாலை போட்டீகளே!”

சுப்புராஜ் பேனாவை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர்; முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், அவ்வளவுதான். “வந்தேம்மா. தனிப்பட்ட முறைல எனக்குத் தெரியும். ஆனா பதிவேட்டுக்குத் தெரியணும்ல? ஒரு வழி இருக்கு. செயலிழப்புச் சான்று. அவரு செயல்பாட்டுல இல்லைன்னு கணினிப் பொறுப்பாளர் பாத்து, உறுதிப்படுத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

“கணினிப் பொறுப்பாளர் யாரு சார்?”

“நீதாம்மா.”

கெடு நாள் வந்தது. வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு முனீஸ்வரி வலையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் செத்த அன்றைக்கு அவள் ஊரில் இருந்தாள். தகவல் வந்து, பேருந்து பிடித்து, வந்து சேர்வதற்குள் வெள்ளைத் துணி சுற்றிவிட்டார்கள். கடைசி மூச்சை அவள் பார்க்கவில்லை. இப்போது அது அவள் கையில் இருந்தது.

“மாமா, கோவிச்சுக்கிறாதீக” என்றாள். “தமிழ்நிலாவுக்காகத்தான்.”

பிளக்கைப் பிடுங்கினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக இல்லாமல் ஒரே அடியாக அணைந்தன. காத்தாடி மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. அழுகை வரவில்லை. சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சுப்புராஜ் வாங்கிப் பார்த்து, முத்திரை குத்தி, மனநிறைவோடு தலையாட்டினார். “எல்லாம் சரியாப் போச்சு. இனி ஆணை போட்ர வேண்டியதுதான். ஆணை சிஸ்டம்லதான் வரும். நெட் வேணும். போயி அவர எழுப்பு.”

“எழுப்புனா உசுரோட இருக்காருன்னு ஆயிருமே சார்.”

“ஆயிரும்.”

“அப்பப் பழையபடி எம் மனுவத் தள்ளிருவீகளே.”

“தள்ளணும்தான்.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

“நடைமுறை அதும்மா. நான் என்ன செய்யட்டும்?”

முனீஸ்வரி அவரையே பார்த்தாள். மூன்று வருடமாகச் சார், சார் என்று குழைந்த குரல் அவளே கேட்டிராத குரலாக மாறியது. “எழுப்ப மாட்டேன். செத்தவுகள எழுப்புற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல” என்றாள். வலையறைக்குப் போய் மின்கம்பியைக் கழற்றிச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு இணை இயக்குநர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மிரட்டினார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்றார்கள். தற்காலிகப் பணியாளருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப் படிவம் இல்லை என்பது நாலு மணிக்குத்தான் தெரிந்தது. கருப்பணன் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தே முக்காலுக்குத்தான் வாரியத்துக்கு உண்மையான ஆபத்து உறைத்தது. வீட்டுக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவரும் வாசல் கருவியில் விரல் வைக்க வேண்டும். அந்தக் கருவிக்கும் இணைப்பு வலையறையிலிருந்துதான். விரல் வைக்காமல் போனால் அன்றைக்கு வரவே இல்லை என்று அர்த்தம். எழுபது பேர் பையும் குடையுமாக வரிசையில் நின்று, விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். நத்தத்துக்கு ஆறு மணி பஸ் போய்விடும் என்று ஒருவர் கத்தினார். “ஏலே, அந்தப் பொம்பளைக்கு என்ன வேணுமோ அதக் குடுத்துத் தொலைங்கப்பா!” என்று இன்னொருவர் கத்தினார். மூன்று வருடத்தில் அவள் கோப்பைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாராவது குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அந்தோணிராஜ் வேர்த்து விறுவிறுத்துப் பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். கணினி செயல்படாத நிலையில் அலுவலகத் தலைவர் கையால் ஆணை எழுதலாம் என்று அதில் இருந்தது, எப்போதும் இருந்தது. வெள்ளைத் தாளில் எழுதினார். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. கணினிப் பொறுப்பாளராக நிரந்தர நியமனம். கீழே ஒரு வரி: ‘முதற்பணி: திரு. அருண்பாண்டியை உடனடியாகச் செயல்பாட்டுக்குக் கொண்டுவருதல்.’

முனீஸ்வரி தாளை வாங்கி அந்தக் கடைசி வரியில் நின்றாள். இன்றைக்கு அவரை எழுப்பினால் நாளைக் காலையில் பதிவேடு அவரை உயிரோடு பார்க்கும். இந்தத் தாள் செல்லாது என்று இன்னொரு தாள் வரும். அது அவளுக்குத் தெரியும். எழுதின அந்தோணிராஜுக்குத்தான் தெரியவில்லை. வலையறைக்கு நடந்தாள். சுப்புராஜ் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

அவள் பிளக்கைச் சொருகவில்லை. பெட்டியின் நெற்றியில் இருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் கீறி, கிழியாமல், பதனமாக உரித்தாள்.

“ஏம்மா, ஏம்மா! அதப் பிய்ச்சா இது யாருன்னு நான் எழுதுறது?”

“நான் சொல்றேன், எழுதுங்க சார். கே. வி. இருபத்து நாலு. பி, அத விட்றாதீக. ஒன் ஜி. ஐ, என். கடேசில சமக்குறி கெடையாது.”

சுப்புராஜ் நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து, பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு, நிஜமான கவலையோடு கேட்டார்: “இது எந்தத் தொகுதியிலம்மா வருது?”

“எந்தத் தொகுதிலயும் வராது சார். இது மிசினு.”

பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்குகள் எரிந்தன. சீட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடமாக அழாத அழுகையை முனீஸ்வரி அங்கேயே நின்று அழுதாள். வெளியே எழுபது பேரும் ஒவ்வொருவராக விரல் வைத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.